முதல் டிரவுட் வரை: ஃபிளை தூண்டிலுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஃபிளை தூண்டில் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தூர வீசுவதே இந்த வித்தை என்று நினைத்து, வந்ததும் வராததுமாக இடுப்பளவு தண்ணீரில் இறங்கி எதிர்க்கரையைக் குறிபார்க்கிறார்கள். அவர்கள் கால் வைத்த இடத்தில்தான் அதுவரை மீன் நின்றுகொண்டிருந்தது.

புதியவர்கள் பலரை நான் ஆற்றுக்கு அழைத்துப் போயிருக்கிறேன். அவர்களுடைய முதல் டிரவுட் மீன் அநேகமாக எட்டு மீட்டருக்குள்தான் கிடைத்திருக்கிறது. கீழே உள்ள வரிசை அந்த அனுபவத்திலிருந்து வந்தது. படிகளை முன்பின்னாக மாற்றவேண்டாம்.

முதலில் ஒரு விஷயம் மனத்தில் பதியவேண்டும். சாதாரணத் தூண்டிலில் ஈயக்குண்டும் இரையும் தம் எடையால் நைலான் நரம்பை இழுத்துக்கொண்டு பறக்கும். ஃபிளை என்பது முள்ளின்மேல் இறகும் முடியும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சி. அதற்கு எடை இல்லையென்றே சொல்லலாம். ஆகவே இங்கே வீசப்படுவது லைன் என்ற தடித்த, கனமான தூண்டில் கயிறு. ஃபிளை அதன் வாலில் தொற்றிக்கொண்டு போகிறது. கருவியின் அமைப்பு, வீசும் முறை, தண்ணீரில் வரும் சிக்கல் எல்லாம் இதிலிருந்தே கிளைக்கின்றன.

1. கிளம்புமுன்: அனுமதி, வெப்பமானி, கண்ணாடி

டிரவுட் உள்ள நீர்நிலைகளில் பெரும்பாலும் அனுமதிச் சீட்டு வேண்டும். ஒரே ஆற்றில் ஒரு பகுதியில் ஃபிளை மட்டும் போடலாம், இன்னொரு பகுதியில் பிடித்ததைத் திரும்ப விட்டே ஆகவேண்டும் என்று பிரித்து வைத்திருப்பார்கள். எங்கே நிற்கப்போகிறீர்களோ அந்த இடத்தின் விதியைக் கிளம்புமுன் படித்துவிடுங்கள்.

சிறிய வெப்பமானி ஒன்று பையில் இருக்கட்டும். டிரவுட் குளிர்நீர் மீன். தண்ணீர் 10 முதல் 16 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும்போது நன்றாக இரை எடுக்கும். 20 டிகிரியைத் தொட்டால் தூண்டிலைச் சுருட்டிவிடவேண்டும். 10 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 20 டிகிரியில் சுமார் 9 மில்லிகிராம்தான். அதே நேரம் சூட்டில் மீனின் தேவையோ கூடுகிறது. சூடான தண்ணீரில் போராடிக் களைத்த மீன் நம் கண்முன் நீந்திப் போனாலும் பிறகு செத்துப்போகக்கூடும். கோடை நாளில் விடியற்காலையில் போய், வெயில் ஏறுமுன் திரும்புங்கள்.

தொப்பியும் போலரைஸ்டு கண்ணாடியும் கட்டாயம். கூரான முள் ஒன்று ஒவ்வொரு வீச்சிலும் உங்கள் காதோரம் பறக்கிறது. கண்ணைக் காப்பதுதான் கண்ணாடியின் முதல் வேலை. நீர்ப்பரப்பின் பளபளப்பை அறுத்து அடியில் நிற்கும் மீனைக் காட்டுவது இரண்டாவது வேலை. எங்கே போகிறீர்கள், எப்போது திரும்புவீர்கள் என்று யாரிடமாவது சொல்லிவிட்டுப் போங்கள்.

2. கருவிகளைத் தேர்ந்தெடுத்தல்

முதல் கோல் 9 அடி நீளமும் 5 என்ற எண்ணும் உள்ளதாக இருக்கட்டும். அந்த எண் லைனின் எடையைக் குறிப்பது. 5 எண் லைனின் முதல் 30 அடி 140 கிரெய்ன், அதாவது சுமார் 9 கிராம் இருக்கும். கோலும் லைனும் ஒரே எண்ணாக இருக்கவேண்டும். லைன் இலேசாக இருந்தால் கோல் வளையாது. வளையாத கோல் வீசாது. நண்பர் கொடுத்த பழைய கோலில் கையில் கிடைத்த லைனைக் கட்டிக்கொண்டு, 'எனக்கு வீசவே வரவில்லை' என்று ஒரு வாரம் வருந்தியவரை எனக்குத் தெரியும். லைனை மாற்றிய அன்றே அவருக்கு வீச வந்துவிட்டது.

லைன் மிதக்கும் வகையாகவும், எடை முன்பக்கம் கூடியதாகவும் இருக்கட்டும். கையில் உள்ள பணத்தை ரீலில் கொட்டவேண்டாம். சராசரி டிரவுட்டுக்கு ரீல் லைனைச் சுற்றிவைக்கும் உருளைதான். மிச்சப்படும் பணம் நல்ல லைனுக்குப் போகட்டும்.

லைனின் நுனியில் லீடர் என்ற நைலான் நரம்பு வரும். 9 அடி நீளம் போதும். அது அடியில் தடித்து நுனிக்குப் போகப்போக மெலியும். தடித்த லைனில் ஓடும் விசை படிப்படியாகக் குறைந்து வந்தால்தான் ஃபிளை பஞ்சுபோல இறங்கும். லீடரின் நுனியோடு சேர்த்துக் கட்டும் மெல்லிய நரம்புக்கு டிப்பெட் என்று பெயர். அதன் தடிமனை 'எக்ஸ்' எண்ணால் சொல்வார்கள். எண் கூடினால் நரம்பு மெலியும். 11-இலிருந்து அந்த எண்ணைக் கழித்தால் அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை பங்கு என்று கிடைக்கும். 5எக்ஸ் என்றால் ஆயிரத்தில் 6, அதாவது சுமார் 0.15 மில்லிமீட்டர். 4எக்ஸ், 5எக்ஸ் இரண்டும் ஒவ்வொரு சுருள் வாங்கினால் முதல் பருவம் ஓடிவிடும்.

இங்கே நடக்கும் தவறு: டிப்பெட் கட்டாமல் ஃபிளையை நேரே லீடரில் கட்டுவது. ஒவ்வொரு முறை ஃபிளையை மாற்றும்போதும் ஒரு விரற்கடை வெட்டுப்படும். மாலைக்குள் மெல்லிய நுனி முழுவதும் போய்த் தடித்த பகுதியில் ஃபிளை தொங்கும். புதியவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை. மீன் கவனிக்கும்.

இவற்றோடு நரம்பு வெட்டி, முள் எடுக்கும் இடுக்கி, ரப்பர் பின்னல் உள்ள கைவலை, ஃபிளை நனையாமல் மிதக்கப் பூசும் பசை ஆகியவை வேண்டும்.

3. இரண்டு முடிச்சுகள், வீட்டில் உட்கார்ந்து

ரீலுக்கும் லைனுக்கும் லீடருக்கும் இடையிலான கட்டுகளை வாங்கும் இடத்திலேயே போட்டுத் தரச் சொல்லுங்கள். நீங்கள் கற்கவேண்டியவை இரண்டுதான்.

லீடரோடு டிப்பெட்டைச் சேர்க்க சர்ஜன் முடிச்சு. இரண்டு நரம்புகளையும் ஒரு சாண் நீளத்துக்கு ஒன்றன்மேல் ஒன்றாக வையுங்கள். இரண்டையும் சேர்த்து ஒரு வளையம் செய்து, லீடரின் நுனியையும் முழு டிப்பெட்டையும் அந்த வளையத்துக்குள் இரண்டு முறை நுழைத்து, நான்கு முனைகளையும் ஒருசேர இழுங்கள்.

ஃபிளையைக் கட்ட கிளின்ச் முடிச்சு. நரம்பை முள்ளின் காதில் நுழைத்து, அதன்மேலேயே ஐந்து சுற்றுச் சுற்றி, காதுக்கு ஒட்டிய சிறு கண்ணியில் நுனியை விட்டு, அப்போது உண்டாகும் பெரிய கண்ணியிலும் ஒருமுறை நுழைத்து இறுக்குங்கள்.

எந்த முடிச்சையும் இறுக்குமுன் நனைத்துக்கொள்ளவேண்டும். உலர்ந்த நைலான் உரசும்போது சூடேறி, முடிச்சு இறுகும் இடத்திலேயே வலுவிழக்கும். இறுகியபின் கையால் நன்றாக இழுத்துப் பாருங்கள். விளக்கு வெளிச்சத்தில் இருபது முறை போட்டுப் பார்த்தவருக்குத்தான் அந்தி மங்கலில், குளிரில் விறைத்த விரல்களோடு, எதிரே மீன் துள்ளும்போது முடிச்சு விழும்.

4. புல்தரையில் வீசப் பழகுங்கள்

ஆற்றில் வீசக் கற்காதீர்கள். ஆறு ஒரே நேரத்தில் பத்துக் கேள்வி கேட்கும். திறந்த புல்வெளியில், ஃபிளைக்குப் பதில் சிறு கம்பளித் துணுக்கைக் கட்டிக்கொண்டு, நாளுக்கு கால் மணி நேரம் வீதம் ஒரு வாரம் பழகுங்கள். ஒரே நாளில் இரண்டு மணி நேரம் பழகினால் கை சோர்ந்து, பிழையான அசைவே மனத்தில் தங்கிவிடும்.

எட்டு மீட்டர் லைனை எதிரே நேராக விரித்துப் போடுங்கள். கைப்பிடியின்மேல் கட்டைவிரல் இருக்கட்டும். கோலின் நுனியைத் தரையருகே தாழ்த்தி, தொய்வை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். தொய்வு இருந்தால் உங்கள் அசைவில் பாதி அதை நீக்குவதிலேயே செலவாகும்.

கோலை மெல்ல உயர்த்தி, வேகத்தைக் கூட்டிக்கொண்டே போய், கடிகாரத்தில் ஒரு மணி முள் நிற்கும் சாய்வில் சட்டென்று நிறுத்துங்கள். லைன் தலைக்கு மேலாகப் பின்னால் போய் விரியும். அது முழுவதும் நீளும்வரை காத்திருங்கள். பிறகு முன்னோக்கி அதேபோல வேகத்தைக் கூட்டி, பத்து மணிச் சாய்வில் நிறுத்துங்கள். லைன் விரிந்து விழும்போது நுனியையும் அதோடு தாழ்த்துங்கள்.

நிறுத்தம்தான் வீச்சு. வளைந்த கோல் சட்டென்று நிற்கும்போதுதான் அதில் சேர்ந்த விசை லைனுக்குப் போகிறது. கோலை நிறுத்தாமல் தடவுவதுபோல ஆட்டினால் லைன் குவிந்து காலடியில் விழும்.

காத்திருப்பதுதான் எல்லோருக்கும் கடினம். பின்னால் விரிவது கண்ணுக்குத் தெரியாததால் பதறி முன்னே இழுத்துவிடுகிறார்கள். சாட்டைபோல 'சொடக்' என்று கேட்கும். ஆற்றில் அந்தச் சத்தம் கேட்டால் ஃபிளை அறுந்துபோயிருக்கும். தயங்காமல் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள். தேர்ந்தவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள்.

இன்னும் இரண்டு பிழைகள். மணிக்கட்டு மடிந்தால் கோல் பின்னால் சரிந்து, லைன் புல்லில் அடிக்கும். சட்டைக் கையின் நுனியில் கோலின் அடியைச் செருகிக்கொண்டு பழகினால் மடிப்பு நிற்கும். முன்வீச்சில் பலம் கொடுத்தால் லைன் தன்னையே குறுக்கே வெட்டி, லீடரில் சிறுசிறு முடிச்சுகள் விழும். 'காற்று முடிச்சு' என்று சொல்லிக்கொள்வார்கள். காற்றுக்கும் அதற்கும் அதிகச் சம்பந்தமில்லை. முடிச்சு விழுந்த நரம்பு தன் வலுவில் பெரும்பகுதியை இழந்துவிடும். கண்ட உடனே வெட்டிப் புதிதாகக் கட்டுங்கள்.

எட்டு மீட்டரில் ஒரு தட்டின்மேல் பத்துக்கு ஏழு முறை விழ ஆரம்பித்தால் ஆற்றுக்குப் போகலாம். அதற்குமேல் தூரம் இப்போது வேண்டாம்.

5. கரையில் முதல் இருபது நிமிடம்: கோலைத் தொடாதீர்கள்

இந்தப் படியை எல்லோரும் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு மிகப் பிடித்த படி இதுதான். தண்ணீருக்குச் சற்றுத் தள்ளி உட்கார்ந்து வெறுமனே பாருங்கள். முதல் ஐந்து நிமிடம் வெறும் தண்ணீர்தான் தெரியும். பிறகு கண் பழகும். நுரை எந்தக் கோட்டில் போகிறது, எந்தப் பாறைக்குப் பின் சுழல்கிறது என்று தெரியவரும். அப்புறம் ஒரு மழைத்துளி விழுந்ததுபோல ஒரு வளையம் விரியும். வானத்தில் மேகம் இருக்காது. அது மீன்.

டிரவுட் ஓட்டத்துக்கு எதிராக முகம் வைத்து நிற்கும். ஓட்டம் அதற்கு உணவைக் கொண்டுவருகிறது. ஆனால் வேகமான ஓட்டத்தில் நின்றால் உண்பதைவிடச் செலவழிப்பது கூடிவிடும். ஆகவே மெதுவான தண்ணீரில் உடலை வைத்துக்கொண்டு, வேகமான தண்ணீரில் வருவதை எட்டிப் பிடிக்கும் இடத்தைத் தேடும். இந்த ஒரு கணக்கு தெரிந்தால் முன்பின் பார்த்திராத ஆற்றிலும் மீனைத் தேடலாம்.

வேக ஓட்டமும் மெதுவான ஓட்டமும் உரசும் கோட்டைப் பாருங்கள். நுரை அதைக் காட்டிக்கொடுக்கும். பாறையின் பின்புறத்தைப் போலவே அதன் முன்புறத்திலும் ஒரு தணிந்த மெத்தை உண்டு. அங்கும் மீன் நிற்கும். குடைந்த கரையின் அடி, தண்ணீரின்மேல் கவிந்த கிளையின் நிழல், சலசலக்கும் ஆழமற்ற ஓட்டம் மடுவில் விழும் விளிம்பு, மடு முடிந்து மறுபடி ஆழம் குறையும் வால்பகுதி. மடுவின் நடுவில் உள்ள கரிய ஆழம் எல்லோரையும் இழுக்கும். அது மீன் ஒளியும் இடம்; உண்ணும் மீன் பெரும்பாலும் விளிம்பில் நிற்கும்.

6. ஒரு கல்லைப் புரட்டிப் பார்த்து ஃபிளையைத் தேர்ந்தெடுங்கள்

ஆழமற்ற ஓட்டத்தில் உள்ளங்கையளவு கல் ஒன்றை எடுத்துப் புரட்டுங்கள். டிரவுட் உணவின் பெரும்பகுதி நீருக்கடியில் வாழும் பூச்சிகளின் இளம்பருவம். நிம்ஃப் என்று சொல்வார்கள். பெரும்பாலும் மூன்று வால், வயிற்றின் இருபுறமும் இழைபோன்ற செவுள் இருந்தால் மேஃபிளை என்ற பூச்சி. இரண்டு தடித்த வால் இருந்தால் ஸ்டோன்ஃபிளை. மணலையும் சருகுத் துண்டையும் ஒட்டிக் கூடு கட்டிக்கொண்டு ஒட்டியிருந்தால் கேடிஸ். பார்த்தபின் கல்லை இருந்தபடியே வைத்துவிடுங்கள்.

மேலே பறப்பவற்றையும் அடையாளம் காணலாம். உட்காரும்போது சிறகைப் பாய்மரம்போல நிமிர்த்தி வைத்தால் மேஃபிளை. கூரைபோலச் சரித்து மூடினால் கேடிஸ். முதுகின்மேல் தட்டையாகப் படுக்கவைத்தால் ஸ்டோன்ஃபிளை. பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. முதலில் அளவு, பிறகு வடிவம், கடைசியில் நிறம் என்ற வரிசையில் பொருத்திப் பாருங்கள். புதியவர்கள் நிறத்தில் தொடங்குகிறார்கள். கீழிருந்து வானத்தின் ஒளிக்கு எதிரே பார்க்கும் மீனுக்கு நிறத்தைவிட உருவமே தெளிவாகத் தெரியும்.

முதல் பெட்டியில் ஆறு வகை போதும். மேலே மிதப்பவை: ஆடம்ஸ், எல்க் ஹேர் கேடிஸ். கீழே போகிறவை: ஃபெசன்ட் டெய்ல், ஹேர்ஸ் இயர், ஸீப்ரா மிட்ஜ். சிறு மீன்போல இழுத்துப் போட ஊலி பக்கர். மேலே மிதப்பவற்றில் 14, 16 எண் முள் எடுத்துக்கொள்ளுங்கள். எண் கூடினால் முள் சிறிது. முள் எண்ணை மூன்றால் வகுத்தால் ஏறக்குறைய டிப்பெட்டின் எக்ஸ் எண் கிடைக்கும். 16 எண் ஃபிளைக்கு 5எக்ஸ். தடித்த நரம்பில் சிறு ஃபிளை விறைத்து நிற்கும். மெல்லிய நரம்பில் பெரிய ஃபிளை முறுக்கிக்கொண்டு சுழலும்.

கட்டுமுன் முள்ளின் நுனியருகே பின்னோக்கி நீட்டிநிற்கும் எதிர்ச்செதிலை இடுக்கியால் நசுக்கிவிடுங்கள். மீனின் வாயிலிருந்தும், என்றாவது உங்கள் விரலிலிருந்தும், சதையைக் கிழிக்காமல் கழன்று வரும்.

7. நெருங்குதல்

மீனுக்கு மேலே உள்ள உலகம் ஒரு வட்டச் சாளரத்தின் வழியாகத்தான் தெரிகிறது. ஒளி தண்ணீரில் நுழையும்போது வளைவதால், சுமார் 97 டிகிரி விரிந்த கூம்புக்குள் வானம் முழுவதும் சுருங்கிவிடுகிறது. மேற்பரப்பை ஒட்டிய சாய்வில் இருப்பவை அந்தச் சாளரத்தின் ஓரத்தில் நசுங்கி மங்கிவிடும். அதனால்தான் குனிந்து, முட்டி போட்டு நெருங்குகிறோம். நிமிர்ந்து நின்றால் அதே ஆள் மீனின் கண்ணுக்கு மரம்போல எழுந்துவிடுவார்.

மீனின் பின்னாலிருந்து, அதாவது ஓட்டத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து மேல்நோக்கிப் போங்கள். நிழல் முன்னால் விழாதபடி பாருங்கள். கூழாங்கல் நறுக்கென்று உரசும் ஒலி தண்ணீரில் வெகுதூரம் போகும். முடிந்தவரை கரையிலேயே நில்லுங்கள்.

இறங்கியே ஆகவேண்டுமென்றால் மார்புவரை வரும் நீர்புகாக் காற்சட்டையின்மேல் இடுப்புப்பட்டையை இறுக்கிக் கட்டுங்கள். விழுந்தால் தண்ணீர் சட்டென்று உள்ளே நிரம்பாமல் அது தடுக்கும். ஒரு காலை ஊன்றியபின்தான் அடுத்த காலை நகர்த்தவேண்டும். ஓட்டம் இழுத்துக்கொண்டு போனால் மல்லாந்து, கால்களை ஓட்டம் போகும் திசையில் நீட்டி மிதந்து, ஆழமற்ற இடம் வந்தபின் எழுங்கள். வேகத் தண்ணீரில் எழ முயன்றால் கால் பாறையிடுக்கில் மாட்டும். இடி கேட்டால் கோலைக் கீழே வைத்துவிட்டு ஆற்றைவிட்டு வெளியேறுங்கள். கார்பன் கோல் மின்சாரத்தைக் கடத்தும்.

முட்டையிடும் பருவத்தில், சுற்றிலும் பாசி படிந்திருக்க ஓரிடத்தில் மட்டும் சரளைக்கல் பளிச்சென்று கழுவியதுபோலத் தெரிந்தால் அதை மிதிக்காதீர்கள். அது டிரவுட் வாலால் தோண்டிய கூடு. கல்லுக்கடியில் முட்டைகள் இருக்கும்.

8. மிதப்பு: எல்லாம் இதற்காகத்தான்

உண்மையான பூச்சி ஓட்டத்தின் வேகத்திலேயே மிதந்து வரும். உங்கள் ஃபிளையும் அப்படியே வரவேண்டும். இதை மட்டும் சரியாகச் செய்தால் வீச்சு சுமாராக இருந்தாலும், ஃபிளை தேர்வு பிசகியிருந்தாலும் மீன் மன்னித்துவிடும்.

சிக்கல் எங்கே வருகிறது? உங்களுக்கும் ஃபிளைக்கும் நடுவே ஆறு ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. நடுவில் வேகம், அக்கரையோரம் மெதுவு. வேக நீர் லைனின் நடுப்பகுதியை வில்லாக வளைத்து முன்னே கொண்டுபோகும். அது ஃபிளையையும் தன்னோடு இழுக்கும். ஃபிளைக்குப் பின் படகு கிழித்ததுபோல ஒரு கோடு தெரிந்தால் இழுவை வந்துவிட்டது என்று பொருள். கோடு தெரியாத மெல்லிய இழுவையும் உண்டு. பக்கத்தில் மிதக்கும் நுரைத் துளியோடு ஃபிளையை ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஜோடியாகப் போகவேண்டும்.

இழுவையைக் குறைக்க முதல் வழி நிற்கும் இடம். இரண்டு அடி முன்னே நகர்ந்தால் வேக ஓட்டம் ஒன்றைத் தவிர்க்கலாம் என்றால் நகருங்கள். இரண்டாவது, கோலை உயர்த்திப் பிடித்து லைனைத் தண்ணீரில் படாமல் வைப்பது. எட்டு மீட்டருக்குள் வீசச் சொன்னதற்கு முக்கியக் காரணம் இது. தூரம் கூடினால் லைன் தண்ணீரில் கிடந்தே தீரும். மூன்றாவது, லைன் விழுந்த உடனே கோலின் நுனியால் ஒரு அரைவட்டம் வரைந்து, லைனின் நடுவை எடுத்து ஓட்டத்தின் மேற்பக்கமாகப் போடுவது. இதை மென்டிங் என்பார்கள். இழுவை தொடங்கியபின் செய்தால் ஃபிளையும் சேர்ந்து குதிக்கும்; தொடங்குமுன்பே செய்யவேண்டும்.

ஓட்டத்துக்கு எதிராக வீசும்போது ஃபிளை உங்களை நோக்கி வரும்; லைன் தொய்யும். கோலைப் பிடித்த கையின் ஆட்காட்டி விரலுக்கடியில் லைனை விட்டு, மற்றக் கையால் பின்னாலிருந்து இழுத்துக்கொண்டே இருங்கள். தண்ணீர் கொண்டுவரும் வேகத்திலேயே இழுக்கவேண்டும். அதிகம் இழுத்தால் ஃபிளை நகரும். குறைவாக இழுத்தால் மீன் கடிக்கும்போது தொய்வைத்தான் தூக்குவீர்கள். புதியவர்கள் தவறவிடும் மீன்களில் பாதி இந்தத் தொய்வில்தான் போகிறது.

எங்கே போடுவது? மீன் எழும்பிய வளையத்தின் நடுவில் போடாதீர்கள். டிரவுட் தன் இடத்திலிருந்து பூச்சியைப் பார்த்து, அதனோடு பின்வாங்கி மிதந்து வந்து, கடித்துவிட்டு, மறுபடி முன்னே போய் நிற்கும். வளையமும் ஓட்டத்தோடு கீழே நகர்ந்துவிடுகிறது. ஆகவே வளையத்திலிருந்து ஓட்டத்தின் மேற்பக்கமாக ஒன்று ஒன்றரை மீட்டர் தள்ளி ஃபிளை இறங்கட்டும். எப்போதும் அருகிலுள்ள தண்ணீரில் தொடங்கி, வீச்சுக்கு வீச்சு அரை அடி தள்ளிப் போய் அக்கரையை அடையுங்கள். நேரே தூரத்தில் போட்டால் நடுவில் நிற்கும் மீன்களின் தலைமேல் லைன் விழும்.

எழும்புதலின் வடிவமும் செய்தி சொல்லும். மூக்கு வெளியே வந்து, ஒரு குமிழி மிஞ்சினால் மேலே மிதப்பதைத் தின்கிறது. முதுகும் வாலும் மட்டும் தெரிந்தால் மேற்பரப்புக்குச் சற்றுக் கீழே, சிறகு விரிக்கப் போராடும் பூச்சியைத் தின்கிறது. அப்போது பசை பூசாத ஃபிளையைப் போடுங்கள். மீன் வந்து பார்த்துவிட்டுத் திரும்பினால் முதலில் மிதப்பைச் சந்தேகியுங்கள், பிறகு ஃபிளையை ஓர் எண் சிறிதாக்குங்கள்.

9. எதுவும் எழும்பாதபோது: அடியில்

வளையமே தெரியாவிட்டால் உணவு கீழே நடக்கிறது. மிதக்கும் ஃபிளையின் முள்வளைவில் இன்னொரு டிப்பெட்டைக் கட்டி, அரை மீட்டர் கீழே எடையுள்ள நிம்ஃபைத் தொங்கவிடுங்கள். மேலே உள்ளது தக்கையாகிவிடும். சிலசமயம் அதையே மீன் கடிக்கும். ஆழம் கூடினால் லீடரில் சிறு மிதவையைப் பொருத்தி, தண்ணீரின் ஆழத்தைப்போல ஒன்றரை மடங்கு கீழே நிம்ஃபை வையுங்கள்.

அவ்வப்போது அடியில் உரசவில்லையென்றால் போதுமான ஆழத்தில் இல்லை. எடையையோ நீளத்தையோ கூட்டுங்கள். மிதவை மூழ்கும் என்று காத்திருக்கவேண்டாம். அது நொடிப்பொழுது தயங்கினாலும் கோலைத் தூக்குங்கள். பத்தில் எட்டு முறை மாட்டியது கல்லாக இருக்கும்.

10. கடித்ததும்

வெட்டி இழுக்காதீர்கள். கோலை உயர்த்தினால் போதும். 5எக்ஸ் நரம்பு முரட்டு இழுப்பைத் தாங்காது. மீன் உங்களை நோக்கித் திரும்பியிருந்தால் அது வாயை மூடிக் கீழே போகும்வரை ஒரு மூச்சு பொறுங்கள். அவசரப்பட்டால் திறந்த வாயிலிருந்தே ஃபிளையைப் பறித்துவிடுவீர்கள்.

மாட்டியபின் கோல் வளைந்தே இருக்கட்டும். மீன் ஓடும்போது விடுங்கள், நிற்கும்போது இழுங்கள். ரீலின் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு நின்றவர்கள் அநேகமாக நரம்பு அறுந்து நின்றார்கள். கோலை ஒருபுறம் சாய்த்துப் பக்கவாட்டில் இழுத்தால் மீன் சமநிலை இழந்து சீக்கிரம் வரும். நீண்ட போராட்டம் உங்களுக்கு இன்பம், மீனுக்கு ஆபத்து. வலையைத் தண்ணீருக்குள் அசையாமல் வைத்து, மீனைத் தலைப்பக்கமாக அதன்மேல் வழிநடத்துங்கள். வலையை வீசித் துரத்தினால் கடைசி ஓட்டம் ஓடும்.

11. விடுதல்

கையை நனைத்துக்கொண்டபின்தான் மீனைத் தொடவேண்டும். அதன் உடலைப் போர்த்திய வழுவழுப்பு கிருமிகளைத் தடுக்கும் கவசம். உலர்ந்த கை அதைத் துடைத்தெடுத்துவிடும். வலைக்குள், தண்ணீருக்குள் வைத்தபடியே இடுக்கியால் முள்ளை வந்த வழியே கழற்றுங்கள். தொண்டையில் இறங்கியிருந்தால் நரம்பை வெட்டி விட்டுவிடுங்கள். வயிற்றை அமுக்காதீர்கள், செவுளுக்குள் விரல் விடாதீர்கள்.

புகைப்படம் வேண்டுமானால் முதலில் கேமரா தயாராகட்டும், பிறகு மீனைத் தூக்குங்கள்; பத்து நொடிக்குமேல் வெளியே வேண்டாம். பிறகு மெல்லிய ஓட்டத்தில் முகம் ஓட்டத்துக்கு எதிராக இருக்கும்படி தாங்கிப் பிடியுங்கள். முன்னும் பின்னும் ஆட்டவேண்டாம். ஓட்டமே செவுள் வழியாகப் போகும். வால் வலுப்பெற்று உங்கள் உள்ளங்கையை உதைக்கும். அந்த உதையை உணர்ந்தபின் கையைத் தளர்த்துங்கள்.

விதி அனுமதித்து, வீட்டுக்கு எடுத்துப்போவதாக இருந்தால் உடனே தலையில் ஓங்கி அடித்துக் கொன்றுவிடுங்கள். பையில் துடிக்கவிடுவது கொடுமை.

12. வீடு திரும்பியதும்

ஃபிளைகளைத் திறந்துவைத்து உலர்த்துங்கள். ஈரப்பெட்டியில் முள் ஒரே இரவில் துருப்பிடிக்கும். லைனை ஈரத்துணியால் துடையுங்கள். அழுக்கேறிய லைன் மிதக்காது.

காலணி, காற்சட்டை, வலை மூன்றையும் சேறுபோகக் கழுவி, முற்றிலும் உலர்த்தியபின்தான் அடுத்த ஆற்றுக்குக் கொண்டுபோகவேண்டும். ஈரம் காயாத துணியில் பாசியும் மீன்நோயும் பயணம் செய்யும். டிடிமோ என்ற பாசி 2004-இல் நியூஸிலாந்தின் தெற்குத் தீவில் காணப்பட்டது. ஆற்றடிக் கற்களைக் கம்பளிபோல மூடிவிடும் பாசி அது. ஒரு துளி தண்ணீரில் போய்விடக்கூடியது. காலணியின் அடியில் ஒட்டிய கம்பளித் தகடு ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைக்கும் என்பதால் சில இடங்களில் அதற்குத் தடையே உண்டு. ரப்பர் அடி கொண்ட காலணியை வாங்குங்கள். அதன் வார்களை முழுவதும் தளர்த்தி, நாக்கை வெளியே இழுத்து, வெயிலில் வையுங்கள். உட்புறம் காய்ந்துவிட்டதா என்று விரலை விட்டுப் பார்த்தபின் உள்ளே எடுத்து வையுங்கள்.